பின் பிரேக்

பிடித்தால் பிடிக்கிறது.
விட்டால்தான் விடமாட்டேன் என்கிறது.
தூக்கம் கலையாத ஆள்போல
லீவர் மெல்லத் திரும்பி வருகிறது,
சில நாள் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.
கேப்பர் மலை ஏற்றத்தில்
பின்சக்கரம் கட்டையோடு உரசிக்கொண்டே வர,
முந்திரி லோடு ஏற்றிய டெம்போக்காரர்
வேகம் குறைத்து எட்டிப் பார்த்தார்,
நான் எதைக் கட்டி இழுக்கிறேன் என்று.

பதினேழு வருடத்துக் கியர் சைக்கிள்.
ஷார்ஜா போகும்போது இளவழுதி விட்டுப்போனது.
"வித்துடாத" என்றான், அவ்வளவுதான்.

"எண்ணெய் விடு" என்றான் வீடியோவில்.
விட்டேன். இரண்டு நாள் வழுக்கியது.
மூன்றாம் நாள் தேவனாம்பட்டினத்து மணல்
எண்ணெயை மோப்பம் பிடித்து வந்து குடியேறியது.
"ஸ்பிரிங்கை இறுக்கு" என்றான்.
இறுக்கினேன். லீவர் கல்லானது.
விரல் மரத்துப்போய்
கோர்ட்டில் அன்று நான் டைப் அடித்த தீர்ப்பில்
பிரதிவாதியெல்லாம் பிரதிவதி.

செம்மண்டலம் கடைக்காரர்
சைக்கிளைத் தொடவேயில்லை.
"இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் ஏதுங்க,
தள்ளிட்டுப் புதுசு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை
மாடிப்படிக்குக் கீழே தலைகீழாகக் கவிழ்த்தேன்.
கேபிளைக் கழற்றிவிட்டு
பிரேக் கையை மட்டும் அழுத்தி விட்டேன்:
துள்ளி விலகியது. அதன்மேல் குற்றமில்லை.
லீவரைத் தனியே ஆட்டினேன்:
தாழ்ப்பாள் இல்லாத கதவுபோல ஆடியது. அதன்மேலும் இல்லை.
இன்னரை உருவித் துணியில் வழித்தேன்,
ஓர் இழைகூடப் பிரியவில்லை.
தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டால்
எல்லோரும் நல்லவர்கள்தான்.
பன்னிரண்டு வருடமாக அதைத்தான் டைப் அடிக்கிறேன்.

மிச்சம் அவுட்டர். மூன்று துண்டு.
ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டு இழுத்தேன்.
முதலாவதில் ஓடியது. இரண்டாவதில் ஓடியது.
சீட்டுக்குக் கீழே வளையும்
ஒரு சாண் துண்டில், வாயிலேயே முட்டியது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கட்டிங் பிளையரால் ஒரே நசுக்கில் வெட்டிய முனை.
வட்டமாக இருக்கவேண்டியது
மூடிய இமைபோலக் கோடாகிக் கிடந்தது.
உள்ளிருந்த வெள்ளைக் குழாய் மடங்கி
போகும்போதும் வரும்போதும் கம்பியைக் கவ்வ,
கடல்காற்று தன் பங்குக்குத் துரு வைத்திருந்தது.

இந்தத் துண்டை மாற்றியவன் அவன்.
விமானத்துக்கு முந்தின இரவு, கரண்ட் இல்லை,
செல்போன் வெளிச்சத்தைப் பிடித்திருந்தது நான்.
வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை,
என் கை நிற்காததால்.
"போதும் போ" என்றான், திரும்பாமல்.

அரத்தால் முனையை ராவினேன்.
துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி
நசுங்கிய வாயை நெம்பினேன், கொஞ்சம் கொஞ்சமாக,
குழந்தைக்கு மருந்து புகட்ட
பல்லைத் திறக்கிற மாதிரி.
மணலும் கறுப்பு எண்ணெயும் மண்ணெண்ணெயில் போயின.
மாட்டினேன். பிடித்து, விட்டேன்.
டக்.
இன்னொரு தடவை, சும்மா.
டக்.
"என்னடி அது, காலையிலேருந்து?"
மேலிருந்து ஷமீமா கேட்டாள்.
"ஒண்ணுமில்ல, விடுது."
"எது?"
டக்.

சாயங்காலம் ஜெயில் சுவரைத் தாண்டி இறக்கம்.
இரண்டு பக்கமும் செம்மண், காதில் காற்று.
வளைவில் ஓர் ஆட்டுக்குட்டி
நடுரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.
இரண்டு விரல் மடக்கினேன்.
கட்டை ரிம்மைக் கவ்வியது.
எத்தனை மெனக்கெட்டு ஒரு உராய்வைப் போக்கினேனோ
அத்தனையும் இந்த ஒரு உராய்வுக்காக.
குட்டி என்னைப் பார்க்கக்கூட இல்லை.
விரலை எடுத்தேன்,
சக்கரம் உருண்டது.

இரவு அவன் கூப்பிட்டான்.
"சைக்கிள் எப்படியிருக்கு?"
"ஓடுது. எண்ணெய்தான் பிரச்சினை" என்றேன்.
நெட் இழுத்து இழுத்து வந்தது,
அவன் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
கட்டாகிவிட்டது.

ஒரு மணி பத்துக்கு ஒரு மெசேஜ்:
நீ எப்படியிருக்க?

காலையில்தான் பார்த்தேன்.